‘மறந்துவிடு’ என்று சொல்லலாமா?

2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆழிப்பேரலை நம் கீழைக் கடற்கரையைத் தாக்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அக்கரையிலுள்ள பங்கொன்றில் நாம் பணியாற்றினோம். அங்கே மீனவர் ஒருவர் கடலுக்குப் போவதையே விட்டிருந்தார். இரவில் அலறி எழுவார். அலையோசை கேளாதிருக்கக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு மாலை நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து, “சாமி, பிள்ளையின் கையைப் பிடித்திருந்தேன்; நான்தான் விட்டுவிட்டேன். இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு உண்டா?” என்று கேட்டார். இது பாவசங்கீர்த்தனத்தில் கூறியதன்று. பிறருக்குப் பயன்படுமாயின் பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று பின்னாளில் அவரே இசைந்தார்.

“அதையெல்லாம் மறந்துவிடுங்கள், செபம் செய்யுங்கள்” என்றோம். அவர் எழுந்து போனார். அதன்பின் நெடுநாள் அதைப்பற்றி நம்மிடம் வாய் திறக்கவில்லை. நல்லெண்ணத்தோடுதான் சொன்னோம்; ஆயினும் தவறாகச் சொன்னோம்.

உயிருக்கு உலைவைக்கும் கொடுமையைக் கண்டவர்களுள் சிலருக்கு அந்நிகழ்ச்சி முடிவதேயில்லை. அது கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வருகின்றது. அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் அவர்கள் விலக்குகின்றனர். சிறு ஓசைக்கும் திடுக்கிடுகின்றனர். தம்மையே பழித்துக்கொள்கின்றனர். இந்நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைக்குமாயின் அது நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இதற்குத் தனிப்பெயர் அளித்தது. இலங்கைத் தமிழர் ‘மனவடு’ என்னும் பொருத்தமான சொல்லை வழங்குகின்றனர். இது விசுவாசக் குறைவுமன்று; பேய்க்கோளாறுமன்று.

‘மறந்துவிடு’ என்னும் அறிவுரையின் தீமையை முதல் உலகப் போரின் காலத்திலேயே ஒருவர் உணர்ந்தார். ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கு அருகிலிருந்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் மனமுடைந்த படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ரிவர்ஸ் அவர். போரை நினைக்கவே வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டவர்கள், பகலில் அடக்கிய நினைவுகளால் இரவில் அல்லலுற்றதைக் கண்டார். அந்நினைவுகளை ஓரளவு எதிர்கொண்டு பேசும்படி அவர்களுக்குத் துணைநின்றார். 1917-இல் இதைத் தம் உரையொன்றில் விளக்கினார்.

இன்று பேச்சுவழிச் சிகிச்சைகள் நன்கு ஆய்ந்து வகுக்கப்பட்டுள்ளன. ஒருவகையில், நோயாளி பாதுகாப்பான சூழலில் நடந்ததை முதலிலிருந்து இறுதிவரை பலமுறை சொல்கின்றார். அஞ்சி விலக்கிய இடங்களைப் படிப்படியாக நெருங்குகின்றார். நினைவு வேறு, ஆபத்து வேறு என்பதை உள்ளம் கற்றுக்கொள்கின்றது. இம்முறையை வகுத்தவர் எட்னா ஃபோவா அம்மையார்.

பட்ரீசியா ரெசிக் அம்மையார் வகுத்த இரண்டாவது முறை பெரும்பாலும் பன்னிரண்டு அமர்வுகளில் நிறைவுறும். ‘என்னால்தான் நேர்ந்தது’ என்பது போன்ற எண்ணங்களை எடுத்து, அவற்றுக்குச் சான்று உண்டா என்று நோயாளியே ஆராயும்படி இது வழிநடத்துகின்றது.

மூன்றாவதில் தரையில் ஒரு கயிற்றை நீட்டிவைப்பர். அதுவே அவரது வாழ்க்கை. மகிழ்ந்த நாள்களுக்குப் பூக்களும் துயர நாள்களுக்குக் கற்களும் அதன்மேல் வைக்கப்படும். பின் பிறப்பு முதல் இன்றுவரை வரிசையாகக் கதை சொல்லப்பட்டு எழுதப்படும். போரும் ஆழிப்பேரலையும் வாட்டிய இலங்கையின் வடகிழக்கில் 31 தமிழ்ச் சிறாரிடையே நடந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. உள்ளூர் ஆலோசகர்களே பயிற்சி பெற்று ஆறு அமர்வுகள் நடத்தினர். ஆறு திங்களுக்குப் பின் பெரும்பாலான சிறார் நோயினின்று மீண்டிருந்தனர். தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற சிறாரும் ஏறக்குறைய அவ்வாறே தேறினர் என்பதையும் சொல்லவேண்டும்.

இதைப் படித்துவிட்டு, துன்புற்றவரிடம் சென்று ‘என்ன நடந்தது, சொல்’ என்று யாரும் வற்புறுத்தலாகாது. பேரிடர் நடந்தவுடன் ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லவைப்பது பயன் தருவதில்லை. சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நேரத்தில் வேண்டியவை நீர், உணவு, பாதுகாப்பு, உறவினரைத் தேடிச் சேர்த்தல், பேச விரும்பினால் பொறுமையாகக் கேட்டல். காயத்தைத் திறந்து ஆற்றுவது பயின்றவர் கைக்குரியது. நோய்க்குறிகள் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுங்கள். 2022-இல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அம்மீனவரை அவர் மகள் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். சில மாதங்கள் கழித்து அவரே நம்மிடம் வந்தார். அங்கே அவரைச் சமாதானப்படுத்த எவரும் விரையவில்லையாம். “அலை எவ்வளவு உயரம்? மற்றொரு கையால் எதைப் பிடித்திருந்தீர்கள்? அப்போது எது வந்து மோதியது?” என்று நிதானமாகக் கேட்டார்களாம். ஐந்தாம் முறை சொல்லும்போதுதான், படகொன்று வந்து தம் தோளில் மோதியது அவருக்கு நினைவு வந்ததாம். “நான் விடவில்லை சாமி, பறிபோயிற்று” என்றார்.

நாம் தலைகுனிந்தோம். பாவத்துக்கு மன்னிப்பு உண்டு. அதை வழங்கவே குருக்கள் இருக்கின்றோம். ஆனால் செய்யாத பாவத்துக்கு எத்தனை முறை மன்னிப்புப் பெற்றாலும் உள்ளம் ஆறாது. அதனைப் பாவமன்று என்று கண்டறியத் துணைசெய்ய ஒருவர் வேண்டும். அன்று அவருக்குச் செபமும் வேண்டியிருந்தது, மருத்துவமும் வேண்டியிருந்தது. நாம் ஒன்றைமட்டும் சொல்லி அனுப்பிவிட்டோம்.

இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அவர் அழுகின்றார். அழுது முடித்து, வலையைச் சீர்செய்ய உட்காருகின்றார். உங்கள் இல்லத்திலோ அண்டைவீட்டிலோ இத்தகையவர் ஒருவர் இருக்கலாம். ‘மறந்துவிடு’ என்று சொல்ல வாயெடுக்குமுன், ‘உன்னோடு மருத்துவமனைக்கு நானும் வருகின்றேன்’ என்று சொல்லுங்கள்.