'வளவு': ஒரு சொல்லின் சமூகப் பின்னணி

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலும் காணி உறுதிகளிலும் பயின்றுவரும் பழஞ்சொற்களுள் 'வளவு' என்பதும் ஒன்றாகும். வேலியாற் சூழப்பட்ட குடியிருப்பு நிலத்தை, அதிலுள்ள வீடு, கிணறு, மரங்கள் ஆகியவற்றோடு சேர்த்து இச்சொல் குறிக்கும். வீடில்லாத நிலமும் 'வெறும் வளவு' எனப்படுதலால், வீட்டினும் எல்லையே இச்சொல்லின் அடிப்படை என்பது புலனாகும். சூழ்தற்பொருள் தரும் 'வளை' என்னும் அடியோடு இது தொடர்புடையது. 'வளாகம்' என்பதும் அவ்வினத்ததே.

இவ்வடிப்படைப் பொருள் இடந்தோறும் வெவ்வேறாக விரிந்துள்ளது. மலையாளத்தில் 'வளப்பு' என்பது வீட்டைச் சூழ்ந்த தோட்ட நிலமாகும். இது யாழ்ப்பாண வழக்கிற்கு மிக அண்மையது. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தையும் அதனைச் சுற்றியமைந்த அறைகளையும் கொண்ட உட்பகுதி 'வளவு' எனப்படும். சேலம் வட்டாரத்திலோ அது ஊரின் ஒரு குடியிருப்புப் பகுதியைச் சுட்டி, இடப்பெயர்களின் ஈறாகவும் நிற்கின்றது.

சிங்களத்தில் வழங்கும் 'வலவ்வ' என்னும் சொல் தமிழ் 'வளவு' என்பதன் வழிவந்ததாகக் கருதப்படுகின்றது. ஆயின் அங்கு அது பிரபுக்களினதும் முதலியார்களினதும் மாளிகையைக் குறிக்கும். அம்மாளிகைக்குரிய குடும்பத்தின் பெருமையையும் உணர்த்தும். சப்ரகமுவாவிலுள்ள மடுவன்வெல வலவ்வ 121 அறைகளைக் கொண்டிருந்ததெனப் புகழ்பெற்றது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. வயற்காணிக்கு அவ்வரம்பு 25 ஏக்கராயிற்று. வலவ்வ வாழ்வின் பொருளாதார அடித்தளத்தை அது பெரிதும் ஆட்டங்காணச் செய்தது. நிலவுடைமைக் குடும்பமொன்றின் வீழ்ச்சியைச் சித்திரிக்கும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 2002ஆம் ஆண்டுத் திரைப்படம் 'வேகந்த வலவ்வ' எனப் பெயர்பெற்றமை பொருத்தமே.

இதனைக்கொண்டு, சிங்களத்தில் இச்சொல் உயர்குடிக்குரியதாயிற்று, தமிழில் அது எல்லார்க்கும் பொதுவாயிற்று என முடிவுகட்டுதல் தவறாகும். யாழ்ப்பாணத்தில் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் தலைமுறைகளாகப் பிறர் காணியிலேயே குடியிருந்தனர். உரிமை கேட்டபோது குடியெழுப்பப்படுதல் அவர்களுக்கு எதிரான ஆயுதமாயிற்று. அவர்கள் வளவில் வாழ்ந்தனர். ஆயின் வளவு அவர்களுடையதன்று. மாளிகைப் பொருளை ஏலாத போதிலும், நிலவுடைமையின் அதிகாரத்திலிருந்து தமிழ்ச் சொல்லும் விலகி நிற்கவில்லை.

எனவே, ஒரு சொல் எம்மொழியிலிருந்து எம்மொழிக்குச் சென்றது என்பதோடு ஆய்வு அமைந்துவிடலாகாது. அச்சொல் வளைத்து நிற்கும் நிலம் யாருடையது, அவ்வேலிக்கு வெளியே நின்றோர் யாவர் என்பனவும் சொல்லாராய்ச்சியின் வினாக்களேயாம்.