ஏட்டில் எஞ்சிய உழவர்

அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் வரலாறு எழுதுவோர் என்றும் உளர். காடு வெட்டி, நிலம் திருத்தி, வரி கட்டி, மக்களைப் பெற்று வளர்த்து, ஈற்றில் தான் உழுத மண்ணிலேயே மறைந்துபோன உழவனுக்கு வரலாறு எழுதுவார் யார்? அவன் நாட்குறிப்பு வைத்திருந்தவனல்லன். அவன் உருவத்தை எவரும் ஓவியமாய்த் தீட்டவுமில்லை. இருந்தும், ஐக்கிய அமெரிக்காவிலே தம் குடியின் முதல்வரைத் தேடிச் செல்வோர், முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழவர் ஒருவரின் வாழ்க்கையைப் பல வேளைகளில் ஓரளவேனும் திரட்டி எடுத்துவிடுகின்றனர். அவர்களுக்குத் துணை நிற்பவை எவை? அவ்வுழவரை நினைவுகூர வேண்டும் என்னும் எண்ணம் சிறிதுமின்றி எழுதப்பட்ட அரசாங்க ஏடுகளே. வரி தண்டுவோர் வரைந்த பட்டியலும், காணி வழங்கிய பத்திரமும், நீதிமன்ற எழுத்தர் குறித்து வைத்த தீர்ப்பும் அவற்றுள் அடங்கும்.

தேடல் எங்கே தொடங்க வேண்டும்? அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்வதே முறை. தந்தை, பாட்டன், பூட்டன் எனத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கி நடத்தல் வேண்டும். இவ்வழியில் முதற்றுணையாவது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிசன மதிப்பு. அந்நாட்டின் முதற் குடிசன மதிப்பு 1790 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. ஆயின், 1840 வரை எடுக்கப்பட்ட கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மாத்திரமே உண்டு. ஏனையோர் வெறும் எண்ணிக்கையாகவே நிற்பர். 1850 இலேதான் சுதந்திரமாய் வாழ்ந்த ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. அடிமைகளாய் வைக்கப்பட்டிருந்தோர்க்கு அப்போதும் பெயரில்லை. அவர்தம் வயதும் பாலும் நிறமும் உடைமையாளரின் பெயரின்கீழ்க் குறிக்கப்பட்டன. விடுதலை பெற்ற அம்மக்கள் பெயரோடு இடம்பெற்றது 1870 ஆம் ஆண்டுக் கணக்கிலேயாம். 1890 ஆம் ஆண்டுக் கணக்கோ 1921 இல் மூண்ட தீயிற் சிதைந்து, பின்னர் பெரும்பாலும் இல்லாதொழிந்தது.

1790 க்கு முற்பட்ட குடியேற்றக் காலத்துக்குச் செல்வோர்க்குக் குடிசன மதிப்பு உதவாது. அங்கே நாம் நாட வேண்டியவை காணிப் பத்திரங்கள், வரிப் பட்டியல்கள், மரணசாசனங்கள், நீதிமன்ற ஏடுகள் ஆகியனவே. இவையும் எங்கும் எஞ்சவில்லை. 1865 ஏப்பிரலில், உள்நாட்டுப் போரின் இறுதி நாட்களில் ரிச்மண்ட் நகரம் தீப்பற்றி எரிந்தபோது, பாதுகாப்பான இடமென்று கருதி அங்கே அனுப்பப்பட்டிருந்த வேர்ஜினியா மாவட்டங்கள் சிலவற்றின் ஏடுகளும் சாம்பலாயின. ஆனால், அம்மாநிலத்தின் கிழக்குக் கரையில் அமைந்த நோர்தாம்ப்டன் மாவட்டத்தின் நீதிமன்ற ஏடுகள் 1632 முதல் தொடர்ச்சியாய் எஞ்சியுள்ளன. அவற்றுள் தென்படும் ஓர் உழவரின் கதையைக் கொண்டே இத்தேடலின் முறையை விளக்கலாம். அவர் பெயர் அந்தோனி ஜோன்சன், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்.

முதல் ஏடு, 1625 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேர்ஜினியாக் குடியேறிகளைக் கணக்கெடுத்த இடாப்பு. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1622 மார்ச்சில், பவ்ஹற்றன் என்னும் பூர்வகுடிகள் நடத்திய தாக்குதலில் ஏறக்குறைய 350 ஆங்கிலேயர் மாண்டிருந்தனர். எஞ்சியோர் எத்தனை பேர், அவர்கள் எந்தக் கப்பலில் வந்தோர், அவர்களிடம் எவ்வளவு தானியமும் எத்தனை துப்பாக்கிகளும் உள என்பதே கணக்கெடுத்தோர் அறிய விரும்பியது. பெனற் என்னும் வணிகரின் தோட்டத்தில், 1621 இல் 'ஜேம்ஸ்' என்னும் கப்பலில் வந்த 'அந்தோனியோ என்னும் நீக்ரோ' ஒருவரும், 1622 இல் வேறொரு கப்பலில் வந்த மேரி என்னும் பெண்ணும் அதிற் குறிக்கப்பட்டுள்ளனர். ஆபிரிக்கர்க்கு அக்காலத்து எழுத்தர் இட்ட சொல் 'நீக்ரோ' என்பது. அவ்விருவர்க்கும் குடும்பப் பெயர் குறிக்கப்படவில்லை. பிறந்த ஊரும் குறிக்கப்படவில்லை.

அடுத்து வருவது 1651 ஆம் ஆண்டுக் காணிப் பத்திரம். அந்தோனி ஜோன்சன் என்பவருக்கு நோர்தாம்ப்டன் மாவட்டத்தில் 250 ஏக்கர் காணி வழங்கப்பட்டதை அது கூறுகின்றது. ஒருவரது கடற்பயணச் செலவை ஏற்போர்க்கு ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர் வழங்குவது அக்காலத்துச் சட்டம். ஆகவே அப்பத்திரத்தில் ஐவரின் பெயர்கள் காணப்படுகின்றன. இவ்விடத்தில் தேடுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். இத்தகைய உரிமைகள் கைமாறி விலைக்கு விற்கப்பட்டவை. ஆதலால், பத்திரத்திற் பெயர் இருப்பதைக் கொண்டு அவ்வாளை இவரே அழைத்து வந்தார் என்றோ, அந்த ஆண்டிலேதான் அவர் வந்தார் என்றோ துணிதல் பிழையாகும்.

இனி எழுவதே முக்கியமான வினா. 1625 இல் ஊழியஞ்செய்த அந்தோனியோவும் 1651 இல் காணி பெற்ற அந்தோனி ஜோன்சனும் ஒருவர்தாமா? பெயர் ஒற்றுமை மாத்திரம் சான்றாகாது. அந்தோனி என்ற பெயருடையோர் பலர் இருந்திருக்கலாம். இங்கே மூன்றாவது ஏடு துணைக்கு வருகின்றது. ஜோன்சனின் உடைமைகள் தீயால் நாசமாயின. அவர் வரிச் சலுகை வேண்டி நீதிமன்றத்தை நாடினார். 1653 பெப்ரவரியில் மன்றம் அளித்த கட்டளை, ஜோன்சனும் அவர் மனைவி மேரியும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேர்ஜினியாவில் வாழ்ந்தோர் என்று கூறுகின்றது. 1653 இலிருந்து முப்பதைக் கழித்துப் பாருங்கள். 1621, 1622 என்னும் கப்பல் ஆண்டுகளோடு அது பொருந்துகின்றது. மனைவியின் பெயரும் பொருந்துகின்றது. இவ்வாறு ஒன்றையொன்று அறியாத இரண்டு ஏடுகள் ஒரே செய்தியைச் சொல்லும்போதே வரலாற்றாசிரியர் இருவரையும் ஒருவராய்க் கொள்ளத் துணிகின்றனர்.

நாட்களைக் கணக்கிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அக்காலத்து ஆங்கிலேயர்க்குப் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25 இல். ஆகவே நாம் 1653 பெப்ரவரி என்று கூறுவதை ஏடு 1652 என்றே எழுதும். 1752 இல் நாட்காட்டி திருத்தப்படும் வரை இவ்வேறுபாடு நிலவியது. இதனை அறியாதார் தந்தை இறப்பதற்கு முன்பே மகனுக்குச் சொத்துப் பிரித்துவிடுவர்!

அந்த 1653 ஆம் ஆண்டுக் கட்டளை வேறொன்றையும் உணர்த்துகின்றது. மன்றம் விலக்களித்தது மேரிக்கும் இரு புதல்வியர்க்கும் உரிய வரியிலிருந்து. பெண்களுக்கு வரி எதற்கு என்று நீங்கள் வினவலாம். 1643 ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஆபிரிக்கப் பெண்களைத் தலைவரிக்கு உட்படுத்தியது; வீட்டோடு இருந்த ஆங்கிலேயப் பெண்களுக்கோ அவ்வரி இல்லை. எனவே அக்கட்டளை, இந்த ஒரு குடும்பத்துப் பெண்களை அயலவரின் மனைவியர் புதல்வியர்க்கு நிகராக வைத்தது. சட்டத்தை அறியாது ஏட்டை மட்டும் படிப்போர்க்கு இது புலப்படாது.

தம் முன்னோரைத் தேடுவோர் கண்டெடுப்பதெல்லாம் பெருமைக்குரியனவாக இருப்பதில்லை. ஜோன்சனிடம் ஜோன் கேசர் என்னும் ஆபிரிக்கர் ஒருவர் ஊழியஞ் செய்தார். தாம் ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தத்தின் பேரிலேயே வந்ததாகவும், அத்தவணை கடந்துவிட்டதாகவும் அவர் முறையிட்டார். ஜோன்சனோ, அவர் ஆயுள் முழுவதும் தமக்கே உரியவர் என்றார். 1655 மார்ச்சில் மன்றம் ஜோன்சனின் பக்கம் தீர்ப்பளித்துக் கேசரைத் திருப்பி ஒப்படைத்தது. தாமே ஊழியராயிருந்து மீண்டவர் மற்றொருவரை மீளவிடவில்லை. முன்னோரின் கதையில் இந்த ஏட்டை மட்டும் மறைத்துவிட்டு எஞ்சியதைச் சொல்வது வரலாறு ஆகாது. கேசரின் குரல் எஞ்சியிருப்பதும் அந்த வழக்கேட்டிலேயே.

1665 அளவில் குடும்பம் வடக்கே மேரிலாந்துக்குப் பெயர்ந்தது. அங்கே ஜோன்சன் 300 ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்தார். வேர்ஜினியாவிலிருந்த காணியில் 50 ஏக்கரை மகன் ரிச்சர்டுக்கு விட்டு, எஞ்சிய 200 ஏக்கரையும் விற்றுவிட்டார். 1670 இல் அவர் இறந்தபின், வேர்ஜினியாவில் யூரிமார் கூடி அந்த 50 ஏக்கரைப் பற்றி ஒரு முடிவு கூறினர். அந்தோனி ஜோன்சன் நீக்ரோ, ஆதலால் அந்நியர். ஆகவே காணி முடிக்குரியது என்பதே அம்முடிவு. 1625 இல் இடாப்பெழுதியவர் ஆளை அடையாளங்காண இட்ட சொல், 45 ஆண்டுகளுக்குப் பின் மகனின் காணியைப் பறிக்கும் காரணமாயிற்று. முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த குடிகள் என்று ஒரு மன்றம் எழுதிய அதே நாட்டில், அந்நியர் என்று யூரிமார் எழுதினர். இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கே, அந்நாடு அந்தப் பதினேழு ஆண்டுகளில் எவ்வாறு மாறிற்று என்பது விளங்கும்.

1677 இல் ஜோன்சனின் பேரர் ஒருவர் மேரிலாந்தில் 44 ஏக்கர் காணி வாங்கினார். அக்காலத்தில் ஒவ்வொரு காணிக்கும் உடையவர் ஒரு பெயரிட்டுப் பதிவு செய்வது அங்கு வழக்கம். அவர் தம் காணிக்கு இட்ட பெயர் 'அங்கோலா'. பாட்டனாரின் தாயகம் இன்னதென்று இடாப்பு எழுதிய எவரும் கேட்கவில்லை. குடும்பம் அதை மறவாதிருந்தது போலும் என்று எண்ணுவதற்கு இடமளிப்பது இந்தக் காணிப் பெயரொன்றே.

ஆகவே, நேயர்களே, பழைய ஏட்டொன்றைக் கையிலெடுக்கும்போது, 'இதில் என் முன்னோர் பெயர் உண்டா?' என்று மட்டும் தேடுதல் போதாது. 'இதை எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்? எதைக் கேட்கவில்லை?' என்றும் வினவுதல் வேண்டும். வரி தண்டுவதற்கும் வழக்குத் தீர்ப்பதற்குமே எழுதப்பட்ட தாள்கள் அவை. அவற்றை எழுதியோர் அந்தோனி ஜோன்சனின் வாழ்க்கையைக் காக்க எண்ணியவரல்லர். ஆயினும், அவற்றைப் பேணி வைத்த எழுத்தர்கள் இல்லாதிருந்தால், அவ்வுழவர் வாழ்ந்தார் என்பதற்கும், அவர் குடும்பம் காணியை எவ்வாறு இழந்தது என்பதற்கும் இன்று சாட்சி இராது.