பல்லைக் கடிப்பவர்களின் முதுகு

ஜெர்மனியின் உல்ம் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒருவருடைய முதுகெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் ஜவ்வுத் தட்டுக்குள்ளேயே சின்னஞ்சிறு அழுத்தமானியைச் செருகி, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அவரை ஆட்டிவைத்தார்கள். படு, புரண்டு படு, உட்கார், சரிந்து உட்கார், படியேறு, ஓடு, சிரி, தும்மு, 20 கிலோவைத் தூக்கு. ஹான்ஸ் யோவாகிம் வில்கேயின் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வு இது. உடம்பைக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். ஒருவரை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் கிடைத்த எண்கள் சுவையானவை.

நேராக நிற்கும்போது தட்டில் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். நாற்காலியில் சொகுசாகச் சரிந்து உட்கார்ந்தபோது 0.3-க்கும் கொஞ்சம் கீழே. 'கூனாதே, நிமிர்ந்து உட்கார்' என்று தலையில் குட்டிய அத்தனை வாத்தியார்களும் இதைப் பார்க்க வேண்டும். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கினால் 2.3, முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. அதே பாரத்தை உடம்போடு அணைத்துப் பிடித்தால் 1.1, கையை நீட்டிப் பிடித்தால் 1.8. ஆக, எப்படி உட்காருகிறோம் என்பதைவிட, பாரத்தை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

இன்னொன்றும் கண்டார்கள். இரவு படுத்திருக்கும்போது தட்டு நீரை உறிஞ்சி உப்புகிறது. ஏழு மணி நேரத்தில் அழுத்தம் 0.1-இலிருந்து 0.24-க்கு ஏறியது. காலையில் எழுந்ததும் இடுப்பு கட்டை மாதிரி இருப்பதாகச் சொல்கிறோமே, அதில் இதற்கும் பங்கு இருக்கலாம். எழுந்த கையோடு குனிவதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டாலே நாள்பட்ட வலி குறைகிறது என்று 1998-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு காட்டியது. பல் தேய்த்து, காபி குடித்து, வீட்டுக்குள் நாலு நடை நடந்த பிறகு வாளியைத் தூக்கினால் போதும். காசில்லாத வைத்தியம்.

ஜெர்மனிக்கு இது வெறும் ஆய்வுக்கூடச் சமாச்சாரம் இல்லை. ராபர்ட் கோஹ் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, கடந்த 12 மாதத்தில் முதுகுவலி வந்ததாகச் சொன்னவர்கள் 61.3 சதவீதம். நாள்பட்ட வலியோடு இருப்பவர்கள் 15.5 சதவீதம். கையில் காப்பீட்டு அட்டையும் கூப்பிடு தூரத்தில் எம்ஆர்ஐ மையமும் உள்ள நாடு வேறென்ன செய்யும்? படம் எடுத்தது, அறுத்தது. 2007-இல் 4.52 லட்சமாக இருந்த முதுகு அறுவைச் சிகிச்சைகள் 2015-இல் 7.72 லட்சம் ஆகிவிட்டன. 2017-இல் இதை வெளியே கொண்டுவந்த பெர்டெல்ஸ்மான் அறக்கட்டளை கூடவே இன்னொன்றையும் சொன்னது: சில அறுவைகளில் மாவட்டத்துக்கு மாவட்டம் 13 மடங்கு வரை வித்தியாசம். ஊருக்கு ஊர் எலும்பு மாறுவதில்லை. மாறியது மருத்துவர்களின் பழக்கம்.

படம் எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். வலியே இல்லாத மூவாயிரம் பேரின் படங்களைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தட்டுத் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். 'ஜவ்வு விலகியிருக்கு' என்ற ஒரு வரியைப் படித்துவிட்டுக் குனியவே பயப்படுகிறவர்கள் சென்னையிலும் உண்டு, ஸ்டுட்கார்ட்டிலும் உண்டு. அந்த வரி பொய்யில்லை. ஆனால் வலிக்குக் காரணம் அதுதானா என்பதைப் படம் சொல்லாது.

ஜெர்மானிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து எழுதிய தேசிய வழிகாட்டி, 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில், நம்மவர்களுக்குப் பிடிக்காத பலவற்றைச் சொல்கிறது. அபாய அறிகுறி இல்லாவிட்டால் முதல் சில வாரங்களுக்குப் படம் வேண்டாம். படுக்கையில் கிடக்க வேண்டாம். வலிக்கு ஊசி வேண்டாம். பாரசிட்டமால் இந்த வலிக்கு உதவாது. வலி மாத்திரை தேவைப்பட்டால் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. நடமாட்டத்தை விடாதே. ஊசி போடாத டாக்டரை நாம் டாக்டர் என்றே ஏற்பதில்லை. அங்கேயும் ஊசிக்கு நிற்கிற கூட்டம் உண்டு.

அபாய அறிகுறிகளை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்து அடிபட்டது, பழைய புற்றுநோய், எலும்பு பலமிழந்த நிலை இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

ஜெர்மனியில் இருக்கும் நம்முடைய ஆட்களுக்கு வருவோம். 1983-க்குப் பிறகு கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே வந்து தஞ்சம் கேட்ட ஈழத்தமிழர்கள்தான் அங்கே தமிழ்ச் சமூகத்தின் அடித்தளம். ஆரம்ப ஆண்டுகளில் வேலை செய்யவே அனுமதி இல்லை. அனுமதி வந்தபோது கிடைத்தவை உணவக அடுப்படி, பாத்திரம் கழுவும் தொட்டி, அலுவலகத் துப்புரவு, பிறகு முதியோர் இல்லம். எல்லாமே முதுகு செய்கிற வேலை. ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்குப் போனால் அந்தத் தலைமுறையை ஒரே இடத்தில் பார்க்கலாம். முதுகில் செடில் குத்திக் காவடி எடுப்பார்கள். வெயிலில் தார்ச்சாலையில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். அதே முதுகு திங்கட்கிழமை அடுப்படியில் குனிந்து நிற்கும்.

அந்த வேலைகளில் இருக்கும் அக்காமாரிடம் வலியைப் பற்றிப் பேச்செடுத்தால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாரி நோகுதெண்டு படுத்தால் ஆர் தம்பி வேலைக்குப் போறது? ரெண்டு குளிசையைப் போட்டிட்டுப் போறதுதான்."

இந்தப் பதிலுக்கு போஹும் நகரில் ஒரு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. ரூர் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மோனிகா ஹாசன்பிரிங், முதுகுவலி ஏன் சிலருக்கு மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது என்று வருடக்கணக்கில் பார்த்தவர். பயந்து அசையாமல் இருப்பவர்களுக்கு வலி தங்குகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் தங்குகிறது என்பதை அழுத்திச் சொன்னவர் அவர். அதிலும் இரண்டு வகை. ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே வலியை ஒதுக்கித் தள்ளும். இன்னொரு கூட்டம் எரிச்சலோடும் சோர்வோடும் 'தாங்கித்தான் ஆகணும்' என்று தாங்கும். இருவருமே தசைக்கு ஓய்வு கொடுப்பதில்லை.

முதுகுவலிக்காரர்களுக்கு நாம் சொல்லும் அறிவுரை எல்லாம் பயந்து அசையாமல் இருப்பவர்களுக்கானது. 'எழுந்து நட, சோம்பி உட்காராதே.' பத்து மணி நேரம் நின்று பாத்திரம் கழுவி வந்தவரிடம் போய் உடற்பயிற்சி செய் என்றால் அவர் சிரிப்பார், அல்லது திட்டுவார். அவருக்கு அசைவு குறைவில்லை, இடைவெளிதான் குறைவு. எனக்கு ஜெர்மானிய முதுகு மருத்துவத்தில் உருப்படியாகத் தெரிவது இந்த ஒரு கண்டுபிடிப்புதான். எந்திரங்களும் அறுவை அரங்குகளும் இதற்குப் பிறகுதான்.

பல்லைக் கடிப்பவர்கள் நல்ல நாளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சனிக்கிழமை வலி கொஞ்சம் குறைந்திருக்கும். உடனே வீடு முழுக்கத் துடைத்து, ஜன்னல் துணியைத் துவைத்து, ஒரு வாரக் கறியைச் சமைத்து, கடையிலிருந்து தண்ணீர்ப் போத்தல் பெட்டியை மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். ஞாயிறும் திங்களும் அதற்கு வட்டி கட்டும். வலி வந்ததும் நிறுத்தாமல், வருவதற்கு முன்பே நிறுத்தப் பழக வேண்டும். அரை மணி நேரம் துடைத்தால் வலிக்கிறது என்றால் இருபதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தோ நடந்தோ விட்டுத் திரும்பத் தொடங்குவது. கேட்கச் சுலபம். ஒரே மூச்சில் முடித்துப் பழகியவர்களுக்குப் பாதியில் துடைப்பத்தைச் சாத்தி வைப்பதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை.

வேலையிடத்திலும் சில சின்ன மாற்றங்கள் உண்டு. கழுவும் தொட்டி ஆழமாக இருந்தால் உள்ளே ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் பாத்திரத்தை வைத்துக் கழுவலாம்; குனிவு குறையும். ஒரு காலைச் சின்னப் பெட்டியின் மேல் வைத்து, அவ்வப்போது கால் மாற்றலாம். தரை துடைக்கும் கோலை மோவாய் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு, இடுப்பை முறுக்காமல் கால் எடுத்து வைத்து நகர வேண்டும்.

முதியோர் இல்லத்தில் ஒருவரைக் கழுவித் துடைப்பதற்கு முன் மின்கட்டிலைத் தன் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவதுதான் முதல் வேலை. பொத்தானை அழுத்திக்கொண்டு சில விநாடி நிற்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருக்கும் காலை நேரத்தில் அந்தச் சில விநாடியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். தாழ்ந்த கட்டிலில், கையை நீட்டி, ஒரு ஆளின் பாரம். உல்மில் அளந்த 20 கிலோ இதற்கு முன்னால் எம்மாத்திரம்? தூக்கும் கருவி தாழ்வாரத்தின் மூலையில் நிற்கும். அதை உருட்டி வருகிற நேரத்துக்கு ஆளையே தூக்கிவிடலாம் என்று தோன்றும். தோன்றுவதுதான் வினை.

டாக்டரிடம் போனால், முதுகுக்கு அவர் எழுதும் சீட்டு மாத்திரைக்கானதாக மட்டும் இருக்காது, இயன்முறைச் சிகிச்சைக்கானதாகவும் இருக்கலாம். வழக்கமாக ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம் போல. சீட்டுக்கு 10 யூரோவும் செலவில் 10 சதவீதமும் கையிலிருந்து. குளியல் துவாலையை நாமே கொண்டுபோக வேண்டும், மறந்தால் முறைப்பார்கள். மசாஜ் கிடைக்கும் என்று போகிறவர்களுக்கு முதல் நாளே ஏமாற்றம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கு என்பார்கள். நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டு என்பார்கள். அடுத்த முறை, வீட்டில் செய்தாயா என்ற கேள்வி வரும். ஆறு அமர்வில் எந்த முதுகும் சரியாவதில்லை. வீட்டில் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகுவதுதான் அதன் கணக்கு.

அதற்கு அடுத்த படியைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. ரெஹாஷ்போர்ட் என்று ஒன்று உண்டு. டாக்டர் எழுதி, காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டால், 18 மாதத்துக்குள் 50 வகுப்பு, கையிலிருந்து காசு இல்லை. பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள், ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டு பேரப்பிள்ளை கதை பேசுவார்கள். மொழி அரைகுறையாக இருந்தாலும் முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்துவிடலாம். ஆறு அமர்வைவிட இந்த ஒன்றரை வருடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஊசி மருத்துவத்தின் கதை வேடிக்கையானது. அக்குபங்சருக்குக் காசு கொடுக்கலாமா என்று பார்க்க ஜெர்மானியர்கள் 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள். சீன முறைப்படி குத்தியதில் 47.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். சம்பந்தமில்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியதில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4. எங்கே குத்தினால் என்ன என்றுதான் முடிவு சொல்கிறது. இருந்தும் 2007 முதல் காப்பீடு அதற்குப் பணம் தருகிறது. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. அரை மணி நேரம் ஒருவர் நம் முதுகின்மேல் அக்கறை காட்டுவதற்கும் ஒரு பலன் இருக்கும்போல.

வீட்டில் சூடு உதவும்: வெந்நீர்ப் பை, இல்லையென்றால் ஜெர்மானியப் பாட்டிமார் அடுப்பில் சூடாக்கும் செர்ரிக் கொட்டைத் தலையணை. தரையில் பாய் விரித்துப் படுத்தால் சரியாகும் என்ற நம் நம்பிக்கைக்கு ஆதரவு குறைவு. ஸ்பெயினில் 313 பேரை வைத்து 2003-இல் செய்த சோதனையில் நடுத்தர மெத்தைதான் கெட்டி மெத்தையை வென்றது. நடைக்கு இன்னும் நல்ல சான்று இருக்கிறது. வலி வந்து ஆறியவர்கள் 701 பேரை ஆஸ்திரேலியாவில் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். நடைத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுமட்டமாக 208 நாள் ஆனது. சேராதவர்களுக்கு 112 நாள்.

அறுவை வேண்டும் என்று ஒருவர் சொன்னால், முதுகைப் பொறுத்தவரை 2021 முதல் காப்பீட்டுச் செலவில் இரண்டாவது நிபுணரின் கருத்தைக் கேட்கும் உரிமை உண்டு. வருடக்கணக்கில் ஆளைத் தூக்கித் தூக்கித் தட்டு கெட்டால், அதைத் தொழில்நோயாக 1993 முதல் ஜெர்மனி ஏற்கிறது. அதற்காக வேலையை விட்டே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2021-இல் போய்விட்டது.

நோய் விடுப்பில் முதல் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும், பிறகு காப்பீடு ஒரு பகுதியைத் தரும். திரும்பும்போது ஹாம்பர்க் முறை என்ற ஏற்பாடு உண்டு: முதலில் தினம் சில மணி நேரம், வாரம் போகப் போகக் கூட்டி, முழு வேலைக்கு வருவது. அதுவரை நோய்ப்பணம் ஓடும். படுத்தே கிடப்பதற்கும் ஒரேயடியாகப் பாய்வதற்கும் நடுவில் ஒரு வழி. போஹும் சொன்னதைச் சட்டமாக எழுதியது மாதிரி.

ஆனால் நம் அக்காமாரில் பலருக்கு அந்த ஒரு வேலை மட்டும் இல்லை. மாலையில் யாராவது ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு மணி நேரத் துப்புரவு, மினிஜாப் என்ற பெயரில். அதற்கும், சேர்ந்து நாலு வாரம் ஆகிவிட்டால், ஆறு வார நோய்ச் சம்பளம் உண்டு. இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள். நம்பிய பிறகு, "கேட்டால் அடுத்த மாசம் வேற ஆளை எடுத்திடுவினம்" என்பார்கள். அந்தப் பயத்துக்கு எந்த டாக்டரும் சீட்டு எழுத முடியாது. தொழிற்சங்கமோ ஊர்ச் சங்கமோ கூட நின்றால்தான் உண்டு.