ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய்!
கிராமத் தொண்டுக்குக் கிடைக்கும் மானியங்கள்



சென்னையில் வாழும் நம்மில் பலருக்குச் சொந்த ஊர் என்று ஒன்று உண்டு. நந்தனத்தில் வீடு இருந்தாலும், வேர் இராமநாதபுரத்திலோ நாகப்பட்டினத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கிறது. பெருநாளுக்கு ஊர் செல்கிறோம். கணவனை இழந்த பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள், ஆதரவற்ற முதியவர்கள் ஆகியோரின் கைகளில் சிறிது பணத்தை வைத்துவிட்டுத் திரும்புகிறோம். அடுத்த பெருநாளிலும் அவர்கள் அதே வாசலில், அதே நிலையில் நிற்கின்றனர். நாம் கொடுத்தது ஒரு வாரத்து அரிசியாயிற்று. ஒரு தையல் இயந்திரமாகவோ, ஒரு சிறு கடையாகவோ ஆகவில்லை.

“இவர்களுக்கு அரசு ஒன்றும் செய்யாதா?” என்று நாம் கேட்கிறோம். செய்கிறது. ஆனால், முதல் ரூபாயை நாம் வைக்க வேண்டும் என்கிறது. இந்தச் செய்தி நம் இல்லங்களை எட்டவில்லை என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம்

ஆதரவற்ற முஸ்லிம் பெண்களுக்காக மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2007ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் இச்சங்கம் இயங்குகிறது. விதவைகள், கணவனால் கைவிடப்பட்டோர், முதிய பெண்கள் ஆகியோருக்குத் தொழிற்பயிற்சியும் சிறுதொழில் உதவியும் வழங்குவது இதன் பணி.

இச்சங்கத்திற்கு அரசு பணம் தரும் முறையைக் கவனியுங்கள். மக்களிடம் சங்கம் திரட்டும் நன்கொடைக்கு ஏற்பவே அரசு ‘இணை மானியம்’ தருகிறது. தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்றிருந்தது, பின்னர் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் என உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு இவ்வளவுதான் என்னும் உச்சவரம்பும் உண்டு.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மாவட்டத்தின் ஜமாஅத்துகள் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் திரட்டினால், வரம்பிற்குட்பட்டு அரசின் பங்கு 10 லட்சம். மொத்தம் 15 லட்சம். ஒன்றும் திரட்டாத மாவட்டத்திற்கு? பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினாலும் பூஜ்யமே! அந்த மாவட்டத்து ஏழைப் பெண், தன் பெயரில் அரசு ஒதுக்கத் தயாராக இருந்த பணம் வராமலே போனதை அறியாமல் அடுத்த பெருநாளுக்காகக் காத்திருப்பாள்.

இந்த இணை மானியம் கடன் அன்று. எனவே வட்டி என்னும் பேச்சிற்கே இங்கு இடமில்லை. வங்கிக் கடனுக்குத் தயங்கும் நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாய்ப்பு வேறெது? விவரங்களை அந்தந்த மாவட்டத்தின் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். ஜகாத் நிதியிலிருந்து வழங்க விரும்புவோர், அதற்குரிய நிபந்தனைகளை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து, அத்தொகைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பிற வாயில்கள்

நம் ஊர் பைத்துல்மாலும் தொண்டு அமைப்புகளும் தட்டக்கூடிய வேறு கதவுகளும் உள்ளன.

ஒன்று, 1982இல் தொடங்கப்பட்ட நபார்டு வங்கி. இதன் தமிழ்நாட்டு மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் உள்ளது. கிராம மக்களுக்கு நேரடியாகக் கடன் தரும் வங்கியாக அல்லாமல், மற்ற வங்கிகளுக்கு நிதி வழங்கும் வங்கியாக இது விளங்குகிறது. எனினும் சுய உதவிக் குழுக்களை உருவாக்குதல், தொழிற்பயிற்சி அளித்தல் போன்ற பணிகளுக்குத் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் வழங்கி வந்துள்ளது. இதன் மாவட்ட வளர்ச்சி மேலாளரைச் சந்தித்தால் வழி தெரியும்.

மற்றொன்று, பெரிய தொழில் நிறுவனங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், தன் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம். தான் இயங்கும் பகுதிக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. தொழிற்சாலைக்கு அருகிலுள்ள கிராமத்தார் இதை அறிந்திருத்தல் அவசியம். கல்வி, மருத்துவம், குடிநீர், பெண்கள் முன்னேற்றம் ஆகியவற்றிற்கு இந்நிதியைக் கேட்கலாம். பள்ளிவாசல் கட்டுவதற்குக் கேட்பது பொருந்தாது.

வெளிநாட்டு நன்கொடைக்குக் கட்டுப்பாடுகள் மிகுதி. அதற்கென மத்திய உள்துறையின் அனுமதி வேண்டும். 2020ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், பணம் முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக்கே வர வேண்டும். அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் அப்பணத்தை மற்றொரு நிறுவனத்திற்குப் பகிர்ந்தளிக்கவும் முடியாது. வளைகுடாவிலிருந்து உறவினர் அனுப்பும் தொகையைச் சங்கக் கணக்கில் வாங்கும் முன் ஆடிட்டரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

கணக்கே முதல் தகுதி

சங்கப் பதிவு, வருமான வரித் துறைப் பதிவு, நிதி ஆயோக்கின் ‘தர்ப்பண்’ தளத்தில் பெறும் எண், தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு ஆகியவை இல்லாமல் இக்கதவுகளில் பெரும்பாலானவை திறப்பதில்லை. தொழில் நிறுவனங்களின் நிதியைப் பெறுவதற்கு மூன்றாண்டுச் செயல்பாட்டுச் சான்றும் தேவை. நம் ஊர்களில் நற்பணி நடக்கிறது, நாணயமும் இருக்கிறது. ஆனால் ஏட்டில் எழுத்து இருப்பதில்லை! கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் வசனமே (அல்பகரா 282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். அந்தச் சமுதாயம் கணக்கேடு இல்லாத காரணத்தால் உதவியை இழக்கலாமா?

“கமிஷன் கொடுத்தால் மானியம் வாங்கித் தருகிறோம்” என்று வருவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். விண்ணப்பத்தை நாமே எழுதுவோம். எத்தனை பெண்கள், என்ன பயிற்சி, என்ன செலவு, ஓராண்டிற்குப் பின் அவர்கள் நிலை என்னவாக இருக்கும் என்ற நான்கு கேள்விகளுக்கும் தெளிவான விடை இருந்தால் விண்ணப்பத்தின் பாதி முடிந்தது.

மானியத்தை மட்டும் நம்பலாமா?

மெளலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மத்திய அரசு 1989இல் நிறுவியது. கல்வியில் பின்தங்கிய பகுதிகளில் பள்ளிகளும் விடுதிகளும் கட்டத் தொண்டு நிறுவனங்களுக்கு அது மானியம் வழங்கிற்று. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதை மூடுமாறு அமைச்சகம் ஆணையிட்டது. 35 ஆண்டுக் காலமாகத் திறந்திருந்த கதவு ஒரே உத்தரவில் மூடப்பட்டது.

அதே 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில், ஐக்கிய நாடுகள் சபையின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. அந்த வெளிநாட்டு உதவி ஒரு கட்டத்தில் முடிந்தது. குழுக்களோ முடியவில்லை, தமிழகம் முழுவதும் பரவின. காரணம், பெண்கள் தாங்களே சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவற்றின் அடித்தளமாக இருந்தது. மானியம் ஏணியே தவிர வீடு அன்று. வீட்டை நாம்தான் கட்ட வேண்டும்.

நந்தனத்திற்கு அடுத்த தேனாம்பேட்டையில் 1955இல் எழுந்த பெண்கள் கல்லூரியை நினைத்துப் பாருங்கள். நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் முன்னின்று நடத்திய தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையின் கொடை அது. சமுதாயம் முதல் அடியை எடுத்து வைத்ததனால்தான் எத்தனையோ பெண்மணிகள் அங்கே பட்டம் பெற்றனர்.

நகரத்தார் செய்யக்கூடியது

கிராமத்து ஜமாஅத்திற்குப் பணத்தைவிட அரிதாக இருப்பது விண்ணப்பம் எழுதும் கையும் கணக்குப் பார்க்கும் கண்ணுமே. அவை நம் தெருக்களில் நிறைய உள்ளன. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, ஆடிட்டர், கல்லூரிப் பேராசிரியை, கணினி அறிந்த மகன், மகள் ஆகியோர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொந்த ஊரின் சங்கத்திற்குத் தந்தால் போதும். பதிவைப் புதுப்பிப்பதும், தணிக்கை அறிக்கை தயாரிப்பதும், அலுவலகக் கடிதத்திற்கு விடை எழுதுவதும் நடந்தேறும்.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, முத்தவல்லி அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நம் மாவட்டத்து முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்திற்கு நம் ஊர் இவ்வாண்டு எவ்வளவு கொடுத்தது? நம் ஊரிலிருந்து எத்தனை பெண்கள் அதில் விண்ணப்பித்தனர்? விடை ‘இல்லை’ என்பதாயின், முதல் ரூபாயை நீங்களே வையுங்கள். மற்ற இரண்டு ரூபாயைக் கேட்டுப் பெறும் உரிமை, இன்ஷா அல்லாஹ், அந்தப் பெண்களுக்கு அன்றே பிறந்துவிடும்.