ஒரே பூட்டில் இரண்டு ஆபத்து

வீட்டில் நாணயச் சேகரிப்பும் இருக்கிறது, லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கிறது. உறுதியான இரும்புப் பெட்டியோ ஒன்றுதான். இரண்டையும் அதிலேயே வைத்துப் பூட்டினால் என்ன?

கொச்சி பிராட்வேயின் நெரிசலில் கிடைக்காத பொருள் குறைவு. துணி, குடை, மசாலா, பாத்திரம், பூட்டு என்று நீளும் அந்த எர்ணாகுளம் கடைத்தெருவைக் கடந்து, படகுத்துறைக்கு நடந்து, காயலைத் தாண்டினால் மட்டாஞ்சேரி. 1555 வாக்கில் போர்ச்சுகீசியர்கள் கொச்சி அரசருக்குக் கட்டிக் கொடுத்து, பிறகு டச்சுக்காரர்கள் புதுப்பித்த அரண்மனை அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. கொச்சி அரசர்கள் வெளியிட்ட காசுகளும் உண்டு, வாள், குத்துவாள், ஈட்டிகளும் உண்டு. செல்வமும் ஆயுதமும் ஒரே கூரையின் கீழ்.

அரண்மனைக்கு அது சரி. அங்கே காவலர்கள் இருக்கிறார்கள், தனித்தனிக் கண்ணாடிப் பேழைகள் இருக்கின்றன. வீட்டில்? பெரும்பாலும் ஒரே ஒரு இரும்பு லாக்கர்தான். துப்பாக்கியை வைக்க வாங்கியது. இடம் மிச்சம் இருப்பதால் தாத்தா காலத்துக் காசுகளும் அதற்குள் போய்விடுகின்றன. பார்க்கப்போனால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் காசுக்கும் ஆகாது, துப்பாக்கிக்கும் ஆகாது.

இது ஏதோ ஜமீன்தார்களின் கவலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மலைத்தோட்டக்காரர்கள், ஓய்வு பெற்ற ராணுவத்தினர், காட்டை ஒட்டிய விவசாயிகள் என்று லைசென்ஸ் வைத்திருப்போர் பல தரப்பினர். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதத்தில் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்த பிறகு, லைசென்ஸ் துப்பாக்கிகளுக்கு வேலையும் வந்தது. அதே கேரளத்தில்தான் பழங்காசுகளுக்கும் பஞ்சமில்லை. கொச்சி அரசர்களின் வெள்ளிப் புத்தன், டச்சுக் கம்பெனியின் முத்திரை பதித்த செம்புக்காசு, திருவிதாங்கூர் சக்கரம், அரை கிராம் எடைகூட இல்லாத தங்கப் பணம். இவை சேகரிப்பவர்களுக்குப் பழக்கமான பெயர்கள்.

குதிரை லாயம் சொன்ன பாடம்

உலோகங்களுக்கு அக்கம்பக்கம் முக்கியம். இந்த உண்மையை வெள்ளைக்காரர்களின் ராணுவம் இந்தியாவில்தான் கற்றுக்கொண்டது. மழைக்காலத்தில் போர்ப் பயிற்சிகள் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால் பல பித்தளைக் கூடுகள் வெடிப்பு விட்டிருக்கும். யாரும் தொடாத தோட்டா தானாக எப்படி விரிசல் விடும்? 1921ல் தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, தயாரிப்பின்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்திருந்தது.

இன்று வீட்டில் லாயம் இல்லை. ஆனால் அமோனியா வேறு வழியில் வருகிறது. குழலுக்குள் படியும் செம்புக் கறையைக் கரைக்க விற்கப்படும் சில திரவங்களில் அமோனியா இருக்கிறது. அதில் நனைத்த துணியையும் பிரஷ்ஷையும் துப்பாக்கியோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டினால், அந்த ஆவி போக இடமில்லாமல் பக்கத்தில் இருக்கும் செம்பு, வெண்கலக் காசுகளின் மேல் இறங்கும். பல ஆண்டுகளாகப் படிந்து காசுக்கு அழகும் விலையும் தரும் அந்தப் பழுப்பு மெருகு கெடும்.

வெள்ளிக்கு எதிரி கந்தகம். நாட்டுத் துப்பாக்கிகளில் போடும் கரிமருந்தில் கந்தகம் ஒரு முக்கியச் சரக்கு. சுட்ட பிறகு குழலில் தங்கும் கசடு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கந்தகம் பட்டால் வெள்ளிக் காசு கறுத்துப் போகும். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, மலிவான அட்டைப் பெட்டி, பழைய செய்தித்தாள் ஆகியவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

மூன்றாவது, ஈரம். கொச்சியில் ஜூன், ஜூலை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 60 சதவீதத்துக்கு மேல் போனாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் வெண்கலத்தில் பச்சைப் பொடி பூத்து உள்ளே அரிக்கும். தீயைத் தாங்கும் லாக்கர்தான் நல்லது என்று நினைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த வகை லாக்கர்கள் பலவற்றின் சுவருக்குள் நிரப்பியிருக்கும் கலவையில் நீர் பிணைந்திருக்கிறது. தீப்பிடித்தால் அந்த நீர்தான் ஆவியாகி உள்ளிருப்பதைக் காக்கிறது. சாதாரண நாட்களில் அதே கலவை உள்ளே புழுக்கத்தை உண்டாக்கும்.

துப்பாக்கிக்கு இதற்கு மருந்து எண்ணெய். காசுக்கு எண்ணெய் ஆகாது; தூசியை ஒட்டவைக்கும். ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு நோய் என்றால் இரண்டும் ஓர் அறையில் குடியிருக்க முடியுமா?

சாவி யாரிடம்?

ரசாயனத்தைவிடப் பெரிய பிரச்சினை மனிதர்கள். காசு சேகரிப்பவர் அதை ஒளித்து வைக்கச் சேகரிப்பதில்லை. விருந்தாளி வந்தால் காட்ட வேண்டும், பேரப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துக் கதை சொல்ல வேண்டும். துப்பாக்கி நேர் எதிர். அது இருக்கும் இடம்கூட நாலு பேருக்குத் தெரியக் கூடாது. இரண்டையும் ஒரே லாக்கரில் வைத்தவர், ஒவ்வொரு முறை காசைக் காட்டும்போதும் துப்பாக்கி இருக்கும் இடத்தையும், சாவி இருக்கும் இடத்தையும் சேர்த்தே காட்டுகிறார். காசுக்காக வந்த திருடன் கையில் துப்பாக்கியோடு வெளியேறினால் இழப்பு அந்த வீட்டோடு நிற்காது.

சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1959ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் குடும்பத்துக்கு அல்ல, அதில் பெயர் உள்ளவருக்குத்தான். காசைப் பார்க்க மனைவியிடமோ மகனிடமோ சாவி இருந்தால், துப்பாக்கி யார் வசம் இருக்கிறது என்ற சங்கடமான கேள்வி எழும். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். துக்க வீட்டில், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரியாமல் அந்த லாக்கரைத் திறப்பவர் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாத ஒருவராகத்தான் இருப்பார். தேர்தல் வந்தாலும் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம்.

2019ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சுடவே முடியாத, பழுதும் பார்க்க முடியாத பழமையான ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45வது பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் பரணில் கிடக்கும் தாத்தாவின் துப்பாக்கி அந்த வகையா என்பதை வீட்டுக்காரர் தானே முடிவு செய்துகொள்வது ஆபத்து.

பிரித்து வைப்பது எப்படி?

துப்பாக்கிக்குத் தனி இரும்புப் பெட்டி; சுவரோடோ தரையோடோ போல்ட் போட்டு இறுக்கியது. சாவி லைசென்ஸ்தாரரிடம் மட்டும். தோட்டாக்கள் வேறு இடத்தில், வேறு பூட்டில். துடைக்கும் திரவங்கள் இரண்டு பெட்டியிலும் வேண்டாம். கரிமருந்தைக் காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் அடைத்து வைப்பது தீப்பிடித்தால் வெடிகுண்டுக்குச் சமம்.

காசுகளுக்கு இன்னொரு பெட்டி, முடிந்தால் இன்னோர் அறையில். பிராட்வே மாதிரியான கடைத்தெருக்களில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் பார்க்க அழகு. ஆனால் நாளடைவில் அவற்றிலிருந்து கசியும் பொருள் காசின் மேல் பச்சைப் பிசினாகப் படியும். பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் உறைகளைக் கேட்டு வாங்குவது நல்லது. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. அளவு 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதி. ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தாவிட்டால் அது வெறும் மணல்தான். கறுத்த காசைப் புளி, சாம்பல், பற்பசை போட்டுத் தேய்க்கும் ஆசையை அடக்குவது எல்லாவற்றிலும் முக்கியம். பளபளப்பு வரும், விலை போய்விடும்.

பெட்டி தரைத்தளத்தில் இருக்கலாமா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, பரவூர் பகுதி வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பரவூருக்குப் பக்கத்து வள்ளுவள்ளியில்தான் 1983ல் ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. மண் பல நூற்றாண்டு காப்பாற்றித் தந்ததை வீட்டுப் பெட்டி ஒரு மழையில் இழந்துவிடக் கூடாது.

மதிப்பு அதிகமான காசுகளுக்கு வங்கி லாக்கர் இருக்கிறது. ஆயுதத்துக்கு அங்கே இடமில்லை, ரொக்கமும் கூடாது. அதனால் பழங்காசு வைக்கலாமா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டுவிடுவது உத்தமம். 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். வீட்டுக் காப்பீட்டிலும் நாணயச் சேகரிப்பு தானாகவே சேர்ந்துவிடும் என்று நம்பக் கூடாது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு காசின் இரு பக்கப் படம், எடை, வாங்கிய ரசீது. தனியாக, துப்பாக்கியின் எண்ணும் லைசென்ஸ் காலாவதியாகும் தேதியும். நூறு வயது தாண்டிய காசு 1972ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் எந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கக் கூடாது. குடும்பத்தில் இன்னொருவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். துக்க வீட்டில் லாக்கர் முன் நிற்பவருக்கு வழிகாட்ட அது ஒன்றுதான் இருக்கும்.