மலையேறிய தாத்தா எந்தப் பேரேட்டில் இருக்கிறார்?

நேட்டாலுக்குக் கப்பலேறியவரின் கொள்ளுப்பேரன் டர்பனில் உட்கார்ந்தபடியே தன் பூர்வீக ஊரைத் தேடிப் பார்க்கலாம். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஒப்பந்தக் கூலிகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். உடம்பில் இருந்த தழும்பைக்கூட விடவில்லை.

மேகமலைக்கு ஏறியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தேனி மாவட்டத்துச் சின்னமனூரிலிருந்து கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு எனத் தேயிலைத் தோட்டங்கள் வருகின்றன. 1930-களில் இங்கே காடு திருத்தித் தேயிலை நட வந்தவர்கள் துறைமுகத்தைத் தாண்டவில்லை. எந்த அதிகாரியும் அவர்களை நிறுத்திப் பெயர் கேட்கவில்லை. ஆள் திரட்டி வந்த கங்காணி கொடுத்த முன்பணம்தான் ஒப்பந்தம். அதை அவர் தன் கணக்கு நோட்டில் குறித்தார். நோட்டு அவரோடு போயிற்று.

இங்கிலாந்தில் ஈயச் சுரங்கத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தவனின் வம்சத்தைக்கூட எளிதாகப் பிடித்துவிடுகிறார்கள். 1538 முதல் ஊர்த் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதியாக வேண்டும் என்று உத்தரவு. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் பெயர்கள். நூறு ஆண்டு கழிந்ததும் ஏடுகளை யாரும் பார்க்கலாம்; 1921-ம் ஆண்டுக் கணக்கு 2022-ல் திறக்கப்பட்டது.

நம் ஊரிலும் 1881 முதல் பத்தாண்டுக்கொருமுறை ஒழுங்காகத் தலை எண்ணினார்கள். மிஞ்சியது அட்டவணைகள்தான். ஒரு தாலுகாவில் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை பேருக்குக் கண் தெரியாது என்பதெல்லாம் கிடைக்கும். ஒருவர் பெயரும் கிடைக்காது. 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு கணக்கெடுப்பு ஏடுகளைப் பார்வையிடவே தடை போட்டிருக்கிறது. எத்தனை ஆண்டு கழித்துத் திறப்பது என்ற பேச்சே அதில் இல்லை. அந்தரங்கத்தைக் காப்பது சரிதான். நூறு ஆண்டுக்கு முன் செத்துப்போனவருக்கு என்ன அந்தரங்கம்?

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் வழி கொஞ்சம் திறக்கும். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களிலிருந்து வந்தவர்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கலாம். குழந்தை, பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்களோடு ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை வளர்ந்து எந்தக் கோயிலில் தாலி கட்டியது என்பதைப் பிற்பாடு அங்கேதான் எழுதுவார்கள். அந்த ஒரு வரி அடுத்த ஊருக்கு வழிகாட்டிவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் மூணாறில் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910-ல். அதன் அடக்கப் பதிவேட்டின் முதல் பெயரோ 1894-ல் காலராவில் மாண்ட எலினார் இசபெல் மே, ஒரு தோட்டத் துரையின் இளம் மனைவி. கோயில் வருமுன்பே அவருக்குப் பதிவு தொடங்கிவிட்டது. ஆனால் 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டும்போது காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலிகளில் பலருக்குக் கல்லறையில் பெயர்கூட இல்லை.

பெயரை விடாமல் எழுதிவைத்த இன்னொரு இடம் போலீஸ் ஸ்டேஷன். 1911-ம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் ஆண்களைக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. எந்த ரேகைக்காக உயிரைக் கொடுத்தார்களோ, இன்று பேரப்பிள்ளை தாத்தாவைத் தேடப் போனால் அந்த ரேகைப் பதிவேடுதான் கையில் கிடைக்கக்கூடிய சாட்சி. ஆளைப் பிடித்துவைக்க யாருக்குத் தேவை இருந்ததோ, அவர்கள்தான் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

மேகமலைக்காரர்கள் தோட்ட ஆபீஸின் பழைய செக்ரோலையும் (ஆள் வருகைப் பதிவேடு), பிற்காலத்தது என்றால் சேமநல நிதிக் கணக்கையும் கேட்டுப் பார்க்கலாம். தேனி 1996-ல்தான் தனி மாவட்டமானது என்பதால், பழைய மாவட்ட ஆவணங்களுக்கு மதுரை வரை போக வேண்டியிருக்கும். அதற்கு முன் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் வயதானவர்களிடம் கங்காணியின் சொந்த ஊரைக் கேட்டுவிடுவது நல்லது. கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊர்க்காரர்களையும் சொந்தக்காரர்களையுமே கூட்டி வந்தார்கள். அவர் ஊர் தெரிந்தால் எந்தக் கிராமத்துப் பிறப்பு–இறப்புப் பதிவைப் புரட்டுவது என்பது தெரிந்துவிடும்.