கத்திக்கு முன் ஸ்கேன்

ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே சிறிய கட்டி ஒன்று தென்பட்டது. 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே அதை அறுத்து எடுத்தார்கள். அடுத்த மாதமே அது மீண்டும் வளர்ந்தது. மறுபடியும் அறுவை, எடுத்த சதையைச் சோதித்தபோது சார்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. ரேடியம் சிகிச்சை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரண்டு அறுவைகள். 1950 ஏப்ரல் 14 இரவு மகரிஷி மகாசமாதி அடைந்தார்.

அன்றைய மருத்துவர்களைக் குறை சொல்ல இடமில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். சதைக்குள் இருக்கும் கட்டி நீரா, திடமா என்பது தெரியாது. ஸ்கேன் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லிவிடவும் முடியாது.

ஆனால் எட்டே ஆண்டுகளில், 1958-இல், கிளாஸ்கோ மருத்துவர் இயான் டொனால்டின் கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. முற்றிய வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தார். உள்ளே இருந்தது சினைப்பை நீர்க்கட்டி. அதை எடுத்ததும் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

இன்று கழுத்தில் கட்டி என்று வருகிறவருக்கு முதலில் எடுப்பது அந்த ஸ்கேன்தான். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அது உண்டு. கதிர்வீச்சு கிடையாது, வலியும் இல்லை. ஜெல் தடவிக் கருவியை வைத்தால் நீர் கறுப்பாகத் தெரியும். அதன் பின்பக்கம் வெளிச்சமாக இருக்கும்.

"எச்சில் முழுங்குங்க... நாக்கை நல்லா நீட்டுங்க" என்பார் மருத்துவர். நடுக்கழுத்துக் கட்டி நாக்கோடு சேர்ந்து மேலே ஏறினால், அது பெரும்பாலும் பிறவியிலேயே வந்த நீர்க்கட்டி. கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கி வருகிறது. அந்தப் பாதை முழுதாக மூடாததால் வருவது இது. அப்போதும் தைராய்டு அதனிடத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு அந்தக் கட்டியே உடம்பில் உள்ள ஒரே தைராய்டாக இருக்கும். தெரியாமல் எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரைதான்.

பக்கக் கழுத்தில் வருவது வேறு கதை. இளவயதினருக்குப் பிறவி நீர்க்கட்டியாக இருக்கலாம். தடித்த சுவரும் கலங்கிய சீழும், சுற்றிலும் ஒட்டிக்கொண்ட நெறிகளும் (நிணநீர் முடிச்சுகள்) தெரிந்தால் நம் ஊரில் காசநோயை நினைத்தாக வேண்டும்.

நாற்பது தாண்டியவருக்கு வந்தால் கவனம் கூட வேண்டும். டான்சில், நாக்கின் அடிப்பகுதி, தைராய்டு ஆகியவற்றின் புற்றுநோய் நெறிக்குப் பரவி, உள்ளே நீராகி, சாதாரண நீர்க்கட்டி போலவே தோன்றலாம். அதனால்தான் சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்து மூல இடத்தைத் தேடுகிறார்கள். ஊசி வைத்து எடுக்கும் நீரில் செல்களே கிடைக்காமல் போவதும் உண்டு. அப்படி ஆனால் ஸ்கேனைப் பார்த்தபடியே கட்டியின் தடித்த சுவரில் மறுபடி ஊசி வைத்து எடுக்க வேண்டும்.